பேசத் தெரிந்தவர்களுக்கு இல்லை

பேச முடியாத பிள்ளைகளுக்குப் பேசும் கருவி கொடுக்கிற துணைக்கருவி இயக்ககம் நடத்தும் பயிற்சிக்கு ஒரு ஆசிரியரை அனுப்பச் சொல்லி உத்தரவு வந்ததும் தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். வேறு யாரையும் கூப்பிட அவருக்கு வழியில்லை. ஜட்ஜம்மா என் வகுப்பில்தான் இருந்தாள்.

அந்தப் பெயரை வைத்தது கூடப் படிக்கிற பிள்ளைகள். பிறக்கும்போது மூச்சு தடைபட்டதில் அவளுடைய கை, கால், கழுத்து, நாக்கு எதுவும் அவள் சொல் கேட்பதில்லை. உயரமான முதுகு வைத்த சக்கர நாற்காலியில், மார்பைச் சுற்றிப் பட்டை மாட்டி, முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருப்பாள். கண் மட்டும் அவள் இஷ்டப்படி நகரும். எவனாவது பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதினால் அந்தக் கண் அங்கே போய் நின்றுவிடும். அவன் தானாகவே பேனாவைக் கீழே வைத்துவிடுவான்.

ஆமாம் என்றால் கண்ணை மேலே தூக்குவாள். இல்லை என்றால் கீழே இறக்குவாள். அவளுடைய பேச்சு அவ்வளவுதான். நாம் கேட்டதற்கு மட்டும் பதில் வரும். நமக்குக் கேட்கத் தோன்றாதது அவளுக்குள்ளேயே கிடக்கும்.

பயிற்சி ஒரு வாரம் நடந்தது. ஏசி போட்ட பெரிய கூடம். ஆளுக்கு ஒரு பை, ஒரு பேனா, கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு அட்டை எல்லாம் கொடுத்தார்கள். கருவி மட்டும் கண்ணில் படவில்லை. பயிற்சியாளர் திரையில் வருகிற ஒவ்வொரு வரியையும் எங்களுக்கு எழுத்து தெரியாது என்பதுபோல் சத்தமாகப் படித்துக் காட்டினார். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கை தூக்கினேன்.

"கருவியை எப்ப சார் காட்டுவீங்க?"

"இப்ப பாத்துட்டுத்தானே இருக்கீங்க மேடம்," என்று திரையில் இருந்த படத்தைக் காட்டினார்.

"நிஜக் கருவி சார்."

"அதைத் தொட்டா பழுதாயிடும். பழுதாகாம எப்படித் தொடறதுன்னுதான் இந்தப் பயிற்சி. கத்துக்கறதுக்கு முன்னாடியே உங்களை எப்படித் தொட விடறது?"

"கத்துக்கிட்ட பிறகு?"

"கத்துக்கிட்ட பிறகு பயிற்சி முடிஞ்சிடுமே மேடம்."

செய்முறைப் பயிற்சியும் இருந்தது. இரண்டு இரண்டு பேராக உட்கார வேண்டும். ஒருவர் குழந்தை, இன்னொருவர் கருவி. நான் குழந்தை. வாய் திறக்கக் கூடாது, கை ஆட்டக் கூடாது. எனக்குக் கருவியாக வந்தவர் வேறொரு பள்ளியின் கணக்கு வாத்தியார். எனக்கு நிஜமாகவே தொண்டை வறண்டிருந்தது. அவர் எனக்கு முன்னால் பிடித்திருந்த சொல் அட்டையில் 'தண்ணீர்' என்று எழுதிய கட்டத்தையே பார்த்தேன். அவர் என் கண்ணை உற்றுப் பார்த்துவிட்டு, "சாப்பாடு," என்றார். கண்ணை இறக்கினேன். "தூக்கம்," என்றார். மறுபடி இறக்கினேன். "சந்தோஷம்," என்றார். தண்ணீர் பாட்டில் என் காலடியில்தான் இருந்தது. எட்டி எடுத்திருக்கலாம். ஆனால் விதி விதிதானே என்று உட்கார்ந்திருந்தேன். கடைசியில் எனக்கு வந்த ஆத்திரத்தில் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்த பயிற்சியாளர், குழந்தை வேடத்தை நான் மிக நன்றாகச் செய்வதாகச் சொல்லி எல்லாரையும் கை தட்ட வைத்தார்.

ஒரு வாரம் அங்கே போய் வந்ததில் உருப்படியாக நான் கற்றுக்கொண்டது அந்த ஆத்திரம் ஒன்றுதான். சான்றிதழில் என்னை நிபுணர் என்று போட்டிருந்தார்கள்.

கருவி பள்ளிக்கு வந்தது. ஒரு பெரிய புத்தகம் அளவுக்குத் திரை. அடியில் ஒரு கேமரா. கண் எந்த எழுத்தில் நிலைக்கிறதோ அந்த எழுத்தை எடுத்துக்கொண்டு, வாக்கியம் முடிந்ததும் குரலாகச் சொல்லும் என்று பெட்டியின் மேல் எழுதியிருந்தது. தலைமை ஆசிரியர் பெட்டியைத் தன் அறை பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார்.

அவர் கெட்டவரில்லை. ஓய்வு பெற வேண்டிய நேரத்தில் வம்பு வரக் கூடாது என்று பயப்படுகிறவர், அவ்வளவுதான்.

"சார், அந்தப் பொண்ணு ஒரு தடவை பாத்துப் பழகட்டுமே."

"பழகலாம் டீச்சர். திறப்பு விழா முடியட்டும். இணை இயக்குநர் வந்து திறக்கணும். அவர் வர்றதுக்கு முன்னாடி நாம திறந்துட்டா அப்புறம் அவர் எதைத் திறப்பார்?"

இணை இயக்குநருக்குத் தேதி கிடைக்கவில்லை. அந்தப் பருவம் முடிந்து அடுத்த பருவமும் பாதி ஆனது. தினமும் நான் அவளை அந்த அறை வழியாகத்தான் தள்ளிக்கொண்டு போவேன். பீரோவைக் கடக்கும்போது அவள் கண் அதிலேயே இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று நான்தான் சொல்லியிருந்தேன். ஏன் சொன்னோம் என்று இருந்தது.

ஒருவழியாக விழா நடந்தது. மேடைக்குப் பின்னால் 'குரலற்றோரின் குரல்' என்று பெரிய பதாகை. இணை இயக்குநர் நல்ல உயரம், வெண்கலக் குரல். பேச்சை ஆரம்பித்தார்.

"நான் எதுக்கு இந்தத் துறைக்கு வந்தேன்னு பல பேர் கேக்கறாங்க. பேச முடியாதவங்களுக்காக யாராவது பேசணும் இல்லையா? நான் பேசறேன். காலைல பேசறேன், சாயங்காலம் பேசறேன். போன வாரம் வெளிநாட்ல போய்ப் பேசினேன். அங்க இருக்கறவங்க கேட்டாங்க, உங்க ஊர்ல பேச முடியாதவங்க என்ன சொல்றாங்கன்னு. அவங்க ஒண்ணும் சொல்றதில்லை, எங்க மேல அவ்வளவு திருப்தின்னு சொன்னேன்."

கை தட்டினார்கள். பிறகு ரிப்பனை வெட்டினார். கருவியை ஜட்ஜம்மாவின் நாற்காலியில் மாட்டினோம். அன்றாடத் தேவைக்கான சில வாக்கியங்களோடு 'இயக்ககத்துக்கு நன்றி' என்ற வாக்கியத்தையும் முன்கூட்டியே அதில் ஏற்றி வைத்திருந்தார்கள். அவள் அதைப் பார்த்தால் போதும். ஆனால் ஒருவரின் கண்ணைக் கருவிக்கு முதலில் பழக்க வேண்டும் என்பது விழா நடத்தியவர்கள் யாருக்கும் தெரியவில்லை. நிபுணரான எனக்கும் தெரியவில்லை. அவள் பார்த்தாள், பார்த்தாள், கருவி சும்மா இருந்தது. புகைப்படக்காரர், "சார், கொஞ்சம் குனிஞ்சு பாப்பா பக்கத்துல முகத்தை வைங்க," என்றார். இணை இயக்குநர் குனிந்தார். கருவி அவர் கண்ணைப் பிடித்துக்கொண்டது.

செய்தி வாசிக்கும் பெண்ணின் குரலில், "நான் கழிப்பறைக்குப் போக வேண்டும்," என்றது.

கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. இணை இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அடிப்படைத் தேவை. எவ்வளவு அடிப்படையான தேவை," என்று ஒலிபெருக்கியில் சொன்னார். உடனே இரண்டு உதவியாளர்கள் வந்து ஜட்ஜம்மாவைக் கழிப்பறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கண்ணைக் கீழே இறக்கி இறக்கி இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே போனாள். கருவி பேசிவிட்ட பிறகு அவள் கண்ணை யார் பார்க்கப் போகிறார்கள்.

இணை இயக்குநர் அவசரமாகக் கிளம்பிப் போனார். ஏனென்று எனக்குத் தெரியும்.

அதன் பிறகுதான் நாங்கள் இருவரும் கற்றுக்கொள்ள ஆரம்பித்தோம். மதிய இடைவேளையில் தலைமை ஆசிரியர் சாவி கொடுப்பார். கருவியோடு வந்த கையேடு எனக்குப் புரியாத மொழியில் இருந்தது. தப்புத் தப்பாகச் செய்துதான் கண்டுபிடித்தோம். திரையில் ஒரு புள்ளி ஓடும், அதன் பின்னாலேயே கண் போக வேண்டும். ஜன்னல் வெளிச்சம் விழுந்தால் கேமராவுக்குக் கண் தெரியாது. தலை ஒரு பக்கம் சாய்ந்தால் எழுத்தெல்லாம் அந்தப் பக்கமாக நகர்ந்துவிடும். என் துப்பட்டாவை ஜன்னலில் கட்டினேன். வீட்டிலிருந்து சின்னத் தலையணை கொண்டுவந்து கழுத்துக்கு முட்டுக் கொடுத்தேன். சலிப்பாக இருக்கும். என்னைவிட அவளுக்குப் பொறுமை அதிகம். இத்தனை வருஷம் பொறுத்தவளுக்கு ஒரு பருவம் பெரிதில்லை போலிருக்கிறது.

அவள் முதல் முதலாகத் தானே கோத்த வாக்கியத்தை நான் மறக்கமாட்டேன். இடைவேளை முழுக்க எடுத்துக்கொண்டு எழுதினாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எனக்குக் காது கேட்கும்," என்றது கருவி.

எனக்குப் புரியவில்லை. மேலும் எழுதினாள். "கத்திப் பேசாதீங்க."

அப்போதுதான் உறைத்தது. அவளிடம் மட்டும் நான் எப்போதும் குரலை உயர்த்தி, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துப் பேசிக்கொண்டிருந்தேன். எல்லாருமே அப்படித்தான் பேசினோம்.

பிள்ளைகள் சீக்கிரம் பழகிவிட்டார்கள். ஒருநாள் வகுப்பில், "ஜட்ஜம்மான்னு கூப்பிடலாமா, பிடிக்குமா?" என்று ஒருத்தி கேட்டாள். "பிடிக்கும். ஆனா சம்பளம் வேணும்," என்று பதில் வந்தது. வகுப்பே சிரித்தது. அவளுக்கு இவ்வளவு வாய் இருக்கும் என்று யார் கண்டது.

அவள் அம்மா துணி தைக்கும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர். அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு, மகள் பேசுவதைக் கேட்க வந்தார். நல்ல புடவை கட்டிக்கொண்டு, ஒரு கல்யாணத்துக்கு வந்த மாதிரி பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார். மகள் 'அம்மா' என்று கூப்பிடுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். நானும்தான்.

ஜட்ஜம்மா நிதானமாக எழுதினாள். குரல் வந்தது. "தலையை இறுக்கிப் பின்னாதே. வலிக்குது."

அந்த அம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "தெனமும் வலிச்சுதா கண்ணு?" என்று கேட்டார்.

கண் மேலே போனது.

"கலைஞ்சிடக் கூடாதேன்னு... சாயங்காலம் வரைக்கும் நிக்கணுமேன்னு இறுக்கிட்டேன்." அப்படியே எழுந்து பின்னலை அவிழ்த்துவிட்டார். அன்றைக்கு அவள் தலைவிரி கோலமாகவே வகுப்பில் இருந்தாள்.

கிளம்பும்போது என்னிடம், "இதை ராத்திரிக்கு மட்டும் வீட்டுக்குக் கொண்டு போகலாமா டீச்சர்?" என்று கேட்டார். தலைமை ஆசிரியரிடம் கேட்டேன். அவர் இயக்ககத்துக்குத் தொலைபேசி போட்டுக் கேட்டார். கருவி பள்ளி வளாகத்துக்குள் மட்டும் பயன்படுத்தத் தக்கது என்று பதில் வந்தது.

"அப்ப வீட்ல அவ என்ன பண்ணுவா சார்?" என்றேன்.

"வீட்ல பேசணும்னா அது குடும்ப நலத் துறைல வருமாம் டீச்சர். இவங்க கல்வி சம்பந்தமான பேச்சுக்கு மட்டும்தான் பொறுப்பாம்."

இந்த நிலையில்தான் இணை இயக்குநர் புகைப்படக்காரரோடு மறுபடி வந்தார், பயனாளிகளின் முன்னேற்றத்தை நேரில் பார்க்க. இந்த முறை ஜட்ஜம்மா தயாராக இருந்தாள். அவர் கேட்டதற்கெல்லாம் சளைக்காமல் பதில் சொன்னாள். எந்தப் பாடம் பிடிக்கும், டீச்சர் எப்படி, பெரியவளானால் என்ன ஆகப் போகிறாய் எல்லாவற்றுக்கும். "உனக்கு என்னம்மா ஆசை, சொல்லு," என்றார் கடைசியில்.

"இதை வீட்டுக்குக் கொண்டு போகணும். அம்மாகூடப் பேசணும்."

இணை இயக்குநர் அசந்துவிட்டார். தலைமை ஆசிரியர் பக்கம் திரும்பினார். "ஒரு பிசிறு இல்லை. எவ்வளவு தெளிவா பேசறா."

"ஆமாங்க ஐயா," என்றார் தலைமை ஆசிரியர் பெருமையாக.

"இவ்வளவு தெளிவா பேசற பொண்ணு, பேச இயலாதோர் திட்டத்துல எப்படி இருக்க முடியும்?"

தலைமை ஆசிரியரின் சிரிப்பு அப்படியே நின்றது. நான் முன்னால் போனேன். "ஐயா, அவ பேசலை. கருவிதான் பேசுது."

"அதைத்தான் நானும் சொல்றேன் மேடம். கருவியோட நோக்கம் என்ன? பேச முடியாதவங்களைப் பேச வைக்கறது. வச்சாச்சு. நோக்கம் நிறைவேறிடுச்சு. குணமானவங்ககிட்ட போய் மருந்தை வச்சிருக்கச் சொல்லலாமா? எத்தனையோ பேர் காத்துட்டிருக்காங்க."

"இதை எடுத்துட்டா அவளால பேச முடியாதுங்க."

"பேச முடியாமப் போனா புதுசா விண்ணப்பிக்கட்டும். நம்ம கதவு எப்பவும் திறந்துதான் இருக்கு," என்றார். அவர் குரலில் நிஜமாகவே பரிவு இருந்தது. அவள் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தார். அவள் ஏதோ எழுத ஆரம்பித்தாள். முதல் இரண்டு எழுத்து வருவதற்குள் உதவியாளர் திருகாணியைத் திருகிக் கருவியைக் கழற்றிவிட்டார்.

அன்றைய நாள் முழுக்க அவள் கண்ணைத் திறக்கவில்லை. மறுநாளும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டால் ஆமாமும் கிடையாது, இல்லையும் கிடையாது. முன்பெல்லாம் அவள் பேசாமல் இருந்தால் பேசாமல் இருக்கிறாள், அவ்வளவுதான் என்று பாடத்தை நடத்திக்கொண்டு போய்விடுவேன். இப்போது அப்படி முடியவில்லை. கரும்பலகையில் எழுதும்போது முதுகில் சூடு பட்டதுபோல் இருந்தது.

எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்தேன். தடிமனான கண்ணாடித் தாள் வாங்கினேன். நடுவில் ஒரு ஓட்டை வெட்டினேன். அதைச் சுற்றி எழுத்துகளைக் கொத்துக் கொத்தாக, வேறு வேறு நிறத்தில் ஒட்டினேன். தாளை எங்கள் இருவருக்கும் நடுவே நான் தூக்கிப் பிடிக்க வேண்டும். அந்தப் பக்கத்திலிருந்து அவள் முதலில் ஒரு கொத்தைப் பார்ப்பாள், பிறகு ஒரு நிறத்தை. ஓட்டை வழியாக அவள் கண்ணைப் பார்த்து எந்த எழுத்து என்று நான் கண்டுபிடித்துச் சத்தமாகச் சொல்ல வேண்டும். மெய்க்கு ஒரு தடவை, உயிருக்கு ஒரு தடவை. கை கடுக்கும். ஒரு வாக்கியத்துக்குள் மணி அடித்துவிடும்.

அவள் கண்ணைத் திறந்ததும் அதில் எழுதிய முதல் வார்த்தை, "கோபம்". நான் வாசித்தேன். "யார் மேல?" என்றேன். எல்லாக் கொத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். எல்லார் மேலும் என்று புரிந்துகொண்டேன். நானும் அதில் சேர்த்தி.

புதிதாக விண்ணப்பித்தோம். இயக்ககத்தில் ஒரு குழு அவளை நேரில் பார்த்துச் சான்று தர வேண்டும். தலைமை ஆசிரியர் விதிகளைப் படித்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவருக்கும் உறுத்தல் இருந்தது.

"எந்த விதத்திலயும், எந்த முறையிலயும் தன் எண்ணத்தை வெளிப்படுத்த இயலாதவர்னு குழு எழுதணும் டீச்சர். அப்பதான் கருவி. அந்தத் தாள் வழியா அவ ஒரு எழுத்து சொன்னாலும் போச்சு. கண்ணை மேல தூக்கினாலும் போச்சு."

"அப்ப?"

"புரியுதுல்ல டீச்சர். ஒரு பொழுது. ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்துட்டா போதும்."

சாயங்காலம் பிள்ளைகள் எல்லாரும் போன பிறகு, அவள் அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். இத்தனை நாளும் அவளைப் பேசு பேசு என்று பிழிந்தவள் நான். ஒன்றும் புரியாதவளாக நடி என்று அதே வாயால் சொல்ல வேண்டியிருந்தது. அவள் என்னையே பார்த்தாள். பிறகு தாளைப் பார்த்தாள். எடுத்துப் பிடித்தேன்.

"புரியாத முகம் எப்படி இருக்கும்?" என்று கேட்டாள்.

எனக்குக் காட்டத் தெரியவில்லை. பிறகு பயிற்சிக் கூடத்தில் நாங்கள் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. அதைப்போல் கண்ணை எதிரில் இருக்கிற சுவரில் வைத்து, வாயைக் கொஞ்சம் திறந்து காட்டினேன். அவள் செய்து பார்த்தாள். அவ்வளவு நன்றாக வந்தது. அவள் அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

குழுவில் இணை இயக்குநரும் ஒரு மருத்துவரும் இருந்தார்கள். இணை இயக்குநர் எங்களை அடையாளம் கண்டுகொண்டுவிடுவாரோ என்று பயந்தேன். அந்தக் கவலையே வேண்டியிருக்கவில்லை. இரண்டு முறையும் அவர் புகைப்படக்காரரின் கேமராவைத்தான் பார்த்திருந்தார்.

மருத்துவர் படங்களைக் காட்டினார். பந்து எது, பூ எது என்று கேட்டார். ஜட்ஜம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதுக்குப் பக்கத்தில் கை தட்டினார். இமை ஆடியது, கண் நகரவில்லை. கண்ணுக்கு நேராகப் பேனாவை இப்படியும் அப்படியும் ஆட்டினார். எந்தப் புள்ளியையும் விடாமல் பின்தொடரப் பழகிய கண் அது. அதை அவள் அசைய விடவில்லை. அவள் கழுத்தில் நரம்பு புடைத்திருந்ததை நான் மட்டும்தான் பார்த்தேன்.

"உள்ள ஒண்ணும் இருக்கற மாதிரி தெரியலை சார்," என்றார் மருத்துவர். "இதுக்குக் கருவி குடுத்து என்ன ஆகப் போகுது?"

"அப்படிச் சொல்லாதீங்க டாக்டர்," என்றார் இணை இயக்குநர். "சொல்றதுக்கு ஏதாவது இருக்கறவங்களுக்குக் குடுத்தா அவங்க ஏதாவது சொல்லிட்டே இருப்பாங்க. வீட்டுக்குக் கொண்டு போகணும்பாங்க, குரல் பிடிக்கலைம்பாங்க. இவங்களுக்குக் குடுத்தா பிரச்சினையே இல்லை. எங்க திட்டத்துல முன்னுரிமையே இவங்களுக்குத்தான்."

சொல்லிவிட்டுப் பேனா மூடியைக் கழற்றினார். நான் மூச்சு விட்டேன். அவள் அம்மாவின் கை என் கையைத் தேடிப் பிடித்தது.

மருத்துவர் நல்லெண்ணத்தில் ஒன்று சொன்னார். "ஏம்மா, நீங்க ஏன் இப்படிக் கிடந்து அல்லாடறீங்க? இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு இல்லம் இருக்கு, விட்டுடலாம். யார் சோறு ஊட்டினாலும் இதுக்கு ஒண்ணுதான். அம்மா யாருன்னுகூட இதுக்குத் தெரியாது. தெரியுதா சொல்லுங்க."

அந்த அம்மா பேனாவைப் பார்த்தார். "இல்லைங்க," என்றார். "தெரியாதுங்க."

ஜட்ஜம்மாவின் கண் சுவரை விட்டு நகர்ந்தது. அம்மாவைப் பார்த்தது. பிறகு என் தோளில் தொங்கிய பையைப் பார்த்தது. அதற்குள் தாள் இருந்தது. பிறகு என்னைப் பார்த்தது. நான் தலையை லேசாக ஆட்டினேன், வேண்டாம் என்று. கண் பைக்குப் போனது, மறுபடி என்னிடம் வந்தது. இணை இயக்குநர் காகிதத்தில் பேனாவை வைத்திருந்தார். இன்னும் கொஞ்ச நேரம் நான் எதையும் பார்க்காதவள்போல் நின்றிருந்தால் போதும்.

கேட்கிறவள் கேட்கும்போது பார்க்காதவள்போல் நிற்க எனக்கு வரவில்லை. பையைத் திறந்து தாளை எடுத்துப் பிடித்தேன்.

"என்ன மேடம் இது?" என்றார் மருத்துவர். யாரும் தடுக்கவில்லை. என் குரல் மட்டும் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டு வந்தது. முடிந்ததும் சேர்த்துப் படித்தேன்.

"எனக்கு என் அம்மாவைத் தெரியும்."

இணை இயக்குநர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. "அற்புதம். கருவியே இல்லாமப் பேசறா. பாத்தீங்களா டாக்டர், இதைத்தான் நான் எல்லா மேடைலயும் சொல்றேன், மனசு இருந்தா போதும்னு. மேடம், இந்தத் தாளுக்கு என்ன செலவாச்சு? எல்லாப் பள்ளிக்கும் சொல்லிடலாம்." என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு உட்கார்ந்து, விண்ணப்பத்தில் 'நன்கு உரையாடுகிறார், கருவி தேவையில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எங்களை வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

பஸ் நிறுத்தத்தில் நின்றோம். அவள் அம்மா ரோட்டைப் பார்த்தபடியே பேசினார்.

"கையெழுத்துப் போடப் பேனாவை வச்சுட்டார் டீச்சர்."

"ம்."

"நீங்க அதை எடுக்காம இருந்திருக்கலாம்."

"அவ கேட்டா."

"அவ குழந்தை. நீங்க டீச்சர்." குரல் உயரவில்லை. "பெத்தவ நான், என் வாயாலயே தெரியாதுன்னு சொன்னேன். எதுக்குச் சொன்னேன்? அதுவும் வீணாப் போச்சு."

ஜட்ஜம்மாவைப் பார்த்தேன். அவள் பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாளை எடுத்தேன். சுற்றி நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவள் சொல்லச் சொல்ல, இந்த முறை எழுத்துகளை வெளியே சொல்லாமல் மனதுக்குள்ளேயே கூட்டிக்கொண்டு வந்தேன். பாதியிலேயே என்ன வரப் போகிறது என்று தெரிந்துவிட்டது.

"என்ன சொல்றா?" என்றார் அம்மா.

அதை என் வாயால் எப்படிச் சொல்வது? சொல்லாமல் விட்டால் அது அவள் வாயைப் பொத்துவதாகும். அவள் என்னைப் பார்த்தபடி காத்திருந்தாள்.

"டீச்சரைத் திட்டாதே, நான்தான் கேட்டேன்னு சொல்றா," என்றேன். முகம் சுட்டது.

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மகளிடம் குனிந்தார். "நீயா சொன்னே கண்ணு?"

கண் மேலே போனது.

நிமிர்ந்தவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நம்பாமக் கேக்கலை டீச்சர். தப்பா எடுத்துக்காதீங்க. அந்த மெஷின் சொல்லியிருந்தா கேட்டே இருக்க மாட்டேன், அவ்வளவுதான்."

பஸ் வந்தது. ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து நாற்காலியைத் தூக்கி ஏற்றினோம். நல்ல கூட்டம். அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொள்ள, நான் கம்பியில் இரண்டு கையையும் வைத்துத் தொங்கிக்கொண்டு வந்தேன். வழியில் ஒரு இடத்தில் ஜன்னல் பக்கம் எதையோ பார்த்துவிட்டு ஜட்ஜம்மா சட்டென்று என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வேண்டும் என்று அவள் முகம் முழுக்க ஒரு துடிப்பு, சிரிப்புக்கு முந்தின துடிப்பு மாதிரி.

"கை காலியில்லைம்மா. இறங்கினதும் சொல்லு," என்றேன்.

கண்ணை மேலே தூக்கினாள். அதன் பிறகும் ஒரு தரம் ஜன்னலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு பார்க்கவில்லை.

இறங்கி, நாற்காலியை நடைபாதையில் நிறுத்தி, பட்டையைச் சரிசெய்துவிட்டுத் தாளை எடுத்துப் பிடித்தேன். "இப்ப சொல்லு. என்னமோ சொல்ல வந்தியே."

தாளைப் பார்க்க அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள். அவள் அம்மா கேட்கட்டும் என்று நான் சத்தமாகக் கூட்டிப் படித்தேன்.

"அது அப்போ."